ஆல்பைன் ஆஸ்டர்

ஆல்பைன் ஆஸ்டர் என்பது உயர்ந்த மலைகளின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் இயற்கையாக வளரும் ஒரு பல்லாண்டுப் பூச்செடியாகும். இதன் தாவரவியல் பெயர் ஆஸ்டர் அல்பைனஸ். சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவை அடங்கிய ஆஸ்டரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கி, நடு ஆசிய மலைகள், சைபீரியா வழியாக வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் வரை இதன் பரவல் நீள்கிறது.

பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கிவிடும் இச்செடி, ஆண்டின் பெரும்பகுதி குளிரில் உறைந்து கிடக்கும் இடங்களில் வாழ்கிறது. கடுங்குளிர், பலத்த காற்று, ஆழமற்ற மண், குறுகிய கோடை ஆகியவற்றை அது தாங்கும். அதனால் தாங்க இயலாதது நிழல். தன்னைவிட உயரமான செடிகள் சூழ்ந்துகொண்டால் ஆல்பைன் ஆஸ்டர் மெல்ல மெல்லக் குன்றி மறைந்துவிடும். இச்செடியின் உடலமைப்பையும், அது வாழும் இடங்களையும், இன்று அது எதிர்கொள்ளும் இடர்களையும் புரிந்துகொள்ள இந்த ஒரு பண்பு பெரிதும் உதவுகிறது.

பெயரும் வகைப்பாடும்

'ஆஸ்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு விண்மீன் என்று பொருள். நடுவட்டத்திலிருந்து நாற்புறமும் விரியும் பூவிதழ்களின் தோற்றத்தால் இப்பெயர் வந்தது. 'அல்பைனஸ்' என்பதற்கு ஆல்ப்ஸ் மலைக்குரியது என்று பொருள். ஜெர்மன் மொழியில் 'அல்பன் ஆஸ்டர்' என்றும் இத்தாலிய மொழியில் 'ஆஸ்த்ரோ அல்பீனோ' என்றும் வழங்குகின்றனர். தமிழில் இதற்கெனத் தனிப்பெயர் வழக்கில் இல்லை.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டேரம்' என்ற நூலில் இச்செடிக்கு இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டினார். பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்றான ஆஸ்டரேசியே 23,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. அக்குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது ஆஸ்டர் பேரினம்தான். பரந்த பரப்பில் வளர்வதால் ஆல்பைன் ஆஸ்டர் இடத்துக்கு இடம் சற்று வேறுபடுகிறது. வட அமெரிக்காவில் வளரும் வகைக்கு ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் வியர்ஹாப்பரின் நினைவாக 'வியர்ஹாப்பரி' என்ற துணையினப் பெயர் வழங்குகிறது.

செடியின் தோற்றம்

ஆல்பைன் ஆஸ்டர் பொதுவாக 5 முதல் 20 செ.மீ. உயரம் வளரும். மண்ணுக்குள் குட்டையான, கெட்டியான மட்டநிலத்தண்டு இருக்கிறது. குளிர்காலத்தில் மேலே உள்ள பாகங்கள் வாடிப்போனாலும் இத்தண்டு உயிருடன் இருக்கும். அடுத்த கோடையில் அதிலிருந்து புதுத் தளிர்கள் எழும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தளிர்கள் பெருகிச் சிறு கொத்தாகப் படரும்.

இலைகள் இருவகை. தரையை ஒட்டி வட்டமாக அடுக்கியிருக்கும் அடியிலைகள் கரண்டி வடிவில், நுனி அகன்றும் அடி குறுகியும் இருக்கும். தண்டில் உள்ள இலைகள் ஒடுங்கியவை, காம்பற்றவை. இலைகளிலும் தண்டிலும் மெல்லிய உரோமங்கள் உண்டு. இவை செடியை ஒட்டிய காற்று வேகமாக அடித்துச் செல்லப்படாமல் தடுத்து, நீர் இழப்பைக் குறைக்க உதவுகின்றன.

தண்டு கிளைவிடுவதில்லை. அதன் நுனியில் 3 முதல் 5 செ.மீ. அகலமுள்ள ஒரே ஒரு பூந்தலை தோன்றும். விளிம்பு நீலங்கலந்த ஊதா நிறம், நடுப்பகுதி மஞ்சள். இளஞ்சிவப்பு நிறத்திலும், அரிதாக வெள்ளை நிறத்திலும் பூப்பதுண்டு. இவ்வளவு சிறிய செடிக்கு இது பெரிய பூ. பூச்சிகள் குறைவாக உள்ள உயரங்களில் தொலைவிலிருந்தே கண்ணில் படுவது செடிக்கு நன்மை.

ஒரு பூவா, பல பூக்களா?

பார்வைக்கு ஒரு பூவாகத் தெரிந்தாலும் ஆல்பைன் ஆஸ்டரின் 'பூ' உண்மையில் பல சிறுபூக்களின் தொகுப்பு. இதைத் தலை மஞ்சரி என்பர். ஆஸ்டரேசியே குடும்பம் முழுவதற்கும் உரிய அடையாளம் இது. வீட்டில் உள்ள சூரியகாந்திப் பூ ஒன்றைப் பிளந்து பார்த்தால் இந்த அமைப்பை மாணவர்கள் எளிதில் அறியலாம்.

விளிம்பில் இருக்கும் நீண்ட ஊதா 'இதழ்' ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. இவை கதிர்ச் சிறுமலர்கள். இவற்றில் சூலகம் உண்டு, மகரந்தத்தாள்கள் இல்லை. எனவே இவை பெண் மலர்கள். நடுவில் நெருக்கமாக நிற்கும் மஞ்சள் குழல்கள் வட்டத்தட்டுச் சிறுமலர்கள். இவற்றில் சூலகம், மகரந்தத்தாள் இரண்டும் இருப்பதால் இவை இருபால் மலர்கள். மொட்டாக இருக்கும்போது அனைத்தையும் சேர்த்துப் பாதுகாக்கும் பச்சை உறை, பூவடிச் செதில்களால் ஆனது.

வட்டத்தட்டு மலர்களில் மகரந்தம் வெளிவரும் முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சிறுமலரிலும் 5 மகரந்தப்பைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழலாக அமைந்திருக்கும். மகரந்தம் இக்குழலின் உட்புறமாக உதிர்கிறது. பிறகு அடியிலிருந்து சூல்தண்டு வளர்ந்து, ஊசி போடும் சிரிஞ்சில் உள்ள தண்டைப்போல மகரந்தத்தை மேலே தள்ளுகிறது. வண்டோ ஈயோ அதை எடுத்துச் செல்கிறது. அதன் பின்னரே சூல்முடி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்க ஆயத்தமாகிறது. ஒரே பூவின் மகரந்தம் அதே பூவில் சேர்வதை இந்த முன்பின் ஒழுங்கு குறைக்கிறது.

நடுவட்டத்தில் உள்ள சிறுமலர்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. வெளிவட்டத்திலிருந்து மையத்தை நோக்கி வரிசையாக மலர்கின்றன. இதனால் ஒரே பூந்தலை பல நாட்கள் பூச்சிகளை அழைத்தபடி இருக்கும். மழையோ பனியோ இரண்டு நாள் பூச்சிகளின் வருகையைத் தடுத்தாலும் மூன்றாம் நாள் மலரக் காத்திருக்கும் சிறுமலர்கள் மிச்சம் இருக்கும். வானிலை நிலையற்ற உயர்மலையில் இது பயனுள்ள ஏற்பாடு. தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவற்றுடன் ஈக்களும் இங்கு முக்கியமான மகரந்தச் சேர்க்கையாளர்கள். உயரம் கூடக் கூட ஈக்களின் பங்கு மிகுதியாகிறது.

வாழிடம்

ஆல்ப்ஸ் மலையில் இச்செடி பெரும்பாலும் 1,400 மீட்டருக்கும் 3,000 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் காணப்படுகிறது. அங்கு மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லை, இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 1,800 முதல் 2,300 மீட்டர் வரை உள்ளது. அதற்கு மேலே புல்வெளி, அதற்கும் மேலே பாறையும் பனியும். அந்தப் புல்வெளிப் பட்டையே ஆல்பைன் ஆஸ்டரின் தலைமை வாழிடம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த உயரங்கள் வியப்பளிக்கலாம். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. அங்கு மரங்கள் வளர்கின்றன, நிலையான பனி இல்லை. ஏறத்தாழ அதே உயரத்தில் ஆல்ப்ஸில் மரமே இல்லை. நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே உள்ளது. ஆல்ப்ஸ் 44 முதல் 48 பாகை வரை வடக்கே உள்ளது. ஓர் இடத்தின் குளிரை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆல்ப்ஸில் ஆல்பைன் ஆஸ்டர் விரும்புவது சுண்ணாம்புப் பாறை நிலம், வெயில் நன்கு படும் சரிவு, நீர் தேங்காத ஆழமற்ற மண். செஸ்லேரியா என்னும் நீலச்சாயல் கொண்ட புல், குட்டையான கோரை வகைகள், ஜென்ஷியன், எடல்வைஸ் ஆகியவை இதன் அண்டை அயலார். இவை எல்லாமே குட்டையானவை. இந்த மண்ணில் சத்து குறைவாக இருப்பதால் வேகமாக உயர்ந்து வளரும் செடிகளால் இங்கு எளிதில் காலூன்ற முடியாது. சத்தில்லாத மண் ஆல்பைன் ஆஸ்டருக்கு ஒரு வகையில் அரணாக அமைகிறது.

இதை வேறொரு சான்றும் காட்டுகிறது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள போடே பள்ளத்தாக்கு, ஆல்ப்ஸைவிட மிகத் தாழ்ந்தது, சுற்றிலும் காடு. ஆனால் அங்குள்ள செங்குத்தான பாறைகளில் ஆல்பைன் ஆஸ்டர் வளர்கிறது. பனியுகத்தில் பரவலாக இருந்த திறந்த புல்வெளிகளின் எச்சமாக இது கருதப்படுகிறது. பனியுகம் முடிந்து வெப்பம் கூடியபோது காடு திரும்பி வந்து மற்ற இடங்களை மூடியது. மரம் வேரூன்ற முடியாத பாறைகளில் மட்டும் வெயில் எஞ்சியது, அங்கே இச்செடியும் எஞ்சியது. தாழ்ந்த இடத்து வெப்பத்தையும் அது பொறுத்துக்கொண்டது. மரநிழலைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலைமேல் ஓர் ஆண்டு

மலையில் 100 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே உயரே செல்லச் செல்லச் செடிகள் வளரக்கூடிய பருவம் சுருங்குகிறது. உயர்மலைப் புல்வெளிகளில் அது இரண்டு முதல் நான்கு மாதங்கள் மட்டுமே. அதற்குள் இலைவிட்டு, பூத்து, காய்த்து, அடுத்த குளிருக்கான உணவையும் சேமித்தாக வேண்டும்.

குளிர்காலத்தில் செடியின் மேல் படியும் பனி அதற்குப் போர்வையாகிறது. வெளிக்காற்று உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் தடித்த பனிக்கு அடியில் மண்ணின் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். பனி உருகியதும் அடியிலைகளின் நடுவிலிருந்து தளிர் எழுகிறது. பூக்கும் காலம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்.

செடி குட்டையாக இருப்பதன் பயன் இக்காலத்தில் தெரியும். வெயில் அடிக்கும் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று, ஓர் ஆள் உயரத்தில் உள்ள காற்றைவிடப் பல பாகை வெப்பமாக இருக்கும். தரையோடு படிந்த இலைகள் அந்த வெப்பத்தைப் பெறுகின்றன. உயர்ந்து நின்றால் குளிர்காற்று அதைப் பறித்துச் சென்றுவிடும். உயர்மலைச் செடிகள் பல தரையோடு ஒட்டி வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் ஒவ்வொரு சிறுமலரும் ஒரே விதை கொண்ட உலர்கனியாகிறது. இது சிப்சிலா எனப்படும். கனியின் உச்சியில் மெல்லிய மயிர்க்கொத்து ஒன்று இருக்கும். பாப்பஸ் எனப்படும் இது, புல்லிவட்டத்தின் மாறிய வடிவம். நம் வயலோரங்களில் காணப்படும் வெட்டுக்காயப் பூண்டின் காய்ந்த தலையை ஊதினால் பறப்பவையும் இதே அமைப்புடைய கனிகள்தான். எருக்கம் பஞ்சு பறப்பது போலவே இவையும் காற்றில் மிதந்து செல்லும். பெரும்பாலானவை தாய்ச்செடிக்கு அருகிலேயே விழும். சில மட்டும் வேறு சரிவுகளை அடையும்.

பரவல்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ், பிரனீஸ், யூரா, அப்பனைன், கார்ப்பேத்தியன் மலைகளிலும் பால்கன் பகுதி மலைகளிலும் ஆல்பைன் ஆஸ்டர் வளர்கிறது. ஆசியாவில் யூரல், அல்தாய் மலைகள், மங்கோலியா, சைபீரியா, வட சீனா ஆகிய இடங்களில் காணப்படுகிறது. வட அமெரிக்காவில் அலாஸ்கா, யூக்கான், மேற்குக் கனடா ஆகிய பகுதிகளிலிருந்து ராக்கி மலை வழியாகத் தெற்கே கொலராடோ வரை உள்ளது. கொலராடோவில் இது மிக அரிது.

இரு கண்டங்களில் ஒரே செடி எப்படி? பனியுகங்களில் பெருமளவு நீர் பனிப்பாளங்களாக உறைந்ததால் கடல்மட்டம் தாழ்ந்து, சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைக்கும் நிலப்பாலம் வெளிப்பட்டிருந்தது. அது மரங்களற்ற குளிர்ந்த புல்வெளி நிலம். பல தாவரங்களும் விலங்குகளும் அவ்வழியே கடந்தன. ஆல்பைன் ஆஸ்டரின் இன்றைய பரவலும் இதற்குப் பொருந்துகிறது.

எது ஆஸ்டர்?

பூக்கடையில் 'ஆஸ்டர்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சீனா ஆஸ்டர். தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் மாலைக்காகவும் மேடை அலங்காரத்துக்காகவும் இது வயல்களில் பயிரிடப்படுகிறது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'காமினி', 'பூர்ணிமா', 'சஷாங்க்' போன்ற இரகங்களை வெளியிட்டுள்ளது. ஆனால் தாவரவியல்படி இது ஆஸ்டர் பேரினத்தைச் சேர்ந்தது அன்று. இதன் பெயர் கேலிஸ்டீபஸ் சைனென்சிஸ். இது ஓராண்டுச் செடி, தன் பேரினத்தில் தனி ஒரே இனம். குடும்பம் ஒன்று என்பதால் உறவு உண்டு.

அறிவியல் உலகிலும் இதே குழப்பம் நெடுங்காலம் இருந்தது. வட அமெரிக்காவின் ஊதாநிறக் காட்டுச் செடிகள் பலவும் ஆஸ்டர் என்றே அழைக்கப்பட்டன. 1990-களில் நடந்த விரிவான மறு ஆய்வுகளும் அதைத் தொடர்ந்த மரபணு ஆய்வுகளும், அவை ஐரோப்பிய, ஆசிய ஆஸ்டர்களிலிருந்து தனியே பிரிந்த கிளைகள் எனக் காட்டின. அவற்றில் பல சிம்பையோட்ரிக்கம், யூரிபியா முதலிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. இப்போது ஆஸ்டர் பேரினத்தில் ஏறத்தாழ 180 இனங்கள் உள்ளன. அவற்றுள் வட அமெரிக்காவைத் தாயகமாகவும் கொண்டது ஆல்பைன் ஆஸ்டர் மட்டுமே.

ஒத்த தோற்றமுடைய செடிகள்

மலையில் காணும்போது ஆல்பைன் ஆஸ்டரைப் பின்வரும் செடிகளுடன் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு.

எரிஜிரான் அல்பைனஸ்: இதுவும் ஆல்ப்ஸ் செடி. கதிர்ச் சிறுமலர்கள் நூல்போல் மெலிந்து, எண்ணிக்கையில் மிகுந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் இருக்கும். ஆல்பைன் ஆஸ்டரில் அவை அகலமாக ஒரே வரிசையில் இருக்கும்.

ஆஸ்டர் அமெல்லஸ்: ஆல்பைன் ஆஸ்டரின் நெருங்கிய உறவு. தாழ்ந்த சரிவுகளில் வளரும். தண்டு உயரமாக இருக்கும். கிளைவிட்டுப் பல பூந்தலைகளைத் தாங்கும்.

பெல்லிடியாஸ்ட்ரம்: கதிர்ச் சிறுமலர்கள் பெரும்பாலும் வெண்மை. பூக்காம்பில் இலைகள் இருப்பதில்லை.

இமயமலைப் புல்வெளிகளில் ஆஸ்டர் ஹிமாலைகஸ், ஆஸ்டர் டிப்ளோஸ்டீபியாய்டிஸ் போன்ற உறவினர்கள் உள்ளனர். இவையும் தண்டுக்கு ஓர் ஊதாப் பூவாகத் தோன்றுபவை. உதகை, கொடைக்கானல் பகுதிகளில் சுவரிடுக்குகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் சிறுசெடி ஆஸ்டர் அன்று. அது மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த எரிஜிரான் கார்வின்ஸ்கியானஸ்.

தோட்டங்களில்

குளிர்நாடுகளில் பாறைத் தோட்டங்களுக்கு ஏற்ற செடியாக ஆல்பைன் ஆஸ்டர் விரும்பி வளர்க்கப்படுகிறது. கரும் ஊதா நிறமுடைய 'டுங்கிள் ஷோனே', இளஞ்சிவப்பு நிறமுடைய 'ஹேப்பி எண்ட்', பெரிய பூவுடைய 'கோலியாத்' ஆகியவை அறியப்பட்ட தோட்ட இரகங்கள். விதையாலும், கொத்தைப் பிரித்து நடுவதாலும் பெருக்கலாம். நீர் தேங்கினால் வேர் அழுகும். உரம் மிகுந்த மண்ணில் தண்டு நீண்டு சாய்ந்துவிடும், செடியின் ஆயுளும் குறையும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நட்டால் நன்கு தழைக்கும். குளிர்கால ஓய்வு தேவைப்படுவதால் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஏற்றதன்று. இங்கு அதே அழகைத் தர சீனா ஆஸ்டர் போதும்.

மேய்ச்சலும் புல்வெளியும்

மர எல்லைக்கு மேலுள்ள புல்வெளிகள் இயற்கையானவை. அதற்குச் சற்றுக் கீழே உள்ள பல புல்வெளிகள் மனிதரால் உருவானவை. ஆல்ப்ஸில் பல நூற்றாண்டுகளாக உழவர்கள் கோடைத் தொடக்கத்தில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று, இலையுதிர்காலத் தொடக்கத்தில் கீழே இறக்கி வருகின்றனர். சரிவுகளில் புல் அறுத்து உலர்த்திக் குளிர்காலத் தீவனமாகச் சேர்க்கின்றனர். கால்நடைகளைப் பருவத்துக்கேற்ப இடம்பெயர்த்து மேய்க்கும் மரபு, ஆஸ்திரியா, கிரீஸ், இத்தாலி நாடுகளின் பெயரில் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் கோடை மேய்ச்சல் மரபு 2023-இல் இடம்பெற்றது.

அளவான மேய்ச்சலும் ஆண்டுக்கு ஒருமுறை புல்லறுப்பும் உயரமான புற்களையும் புதர்களையும் அடக்கி வைக்கின்றன. குட்டைச் செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. மலையுழவு வருவாய் தராததால் செங்குத்தான, எட்டாத் தொலைவில் உள்ள சரிவுகளை மக்கள் கைவிட்டு வருகின்றனர். அங்கு முதலில் உயரமான புல், பிறகு புதர், கடைசியில் மரம் என நிலம் மூடிக்கொள்கிறது. மாறாக, அணுகுவதற்கு எளிதான இடங்களில் எருவிட்டு அடிக்கடி அறுக்கின்றனர். எருவால் சில புற்கள் மட்டும் கொழுத்து மற்றவற்றை நெருக்குகின்றன. கைவிடுதல், அளவு மீறிப் பயன்படுத்துதல் என இரண்டும் எதிரெதிரானவை. ஆனால் ஆல்பைன் ஆஸ்டருக்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

இந்தியாவிலும் இதுபோன்ற கேள்வி எழுந்துள்ளது. உத்தராகண்டில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கு 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் பாலிகோனம் பாலிஸ்டேக்கியம் என்ற உயரமான செடி பரவி, குட்டையான பூச்செடிகளை மூடுவதாகக் கவலை எழுந்தது. மேய்ச்சல் நின்றதே காரணம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கூறினர், மற்றொரு சாரார் அதை மறுத்தனர். வனத்துறை அச்செடியைப் பிடுங்கி அகற்றும் பணியைச் செய்து வருகிறது. வேலி போட்டுவிட்டால் மட்டும் ஒரு புல்வெளி காப்பாற்றப்பட்டுவிடும் என்று சொல்ல முடியாது என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

வெப்பமடையும் மலைகள்

மேய்ச்சல் நிலத்தைப் பராமரிப்பது மனிதர் கையில் உள்ளது. மர எல்லைக்கு மேலே உள்ள புல்வெளிகளுக்கு வரும் மாற்றம் புவி வெப்பமடைதலால் வருவது. கீழே வெப்பம் கூடும்போது அங்குள்ள செடிகள் தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கிப் பரவுகின்றன.

இதற்குப் பழைய சான்று ஒன்று சுவிட்சர்லாந்தின் பீட்ஸ் லினார்ட் சிகரத்தில் கிடைக்கிறது. இச்சிகரத்தின் உயரம் 3,410 மீட்டர். 1835-இல் ஓஸ்வால்ட் ஹேர் என்ற அறிஞர் அதில் ஏறியபோது உச்சியில் ஒரே ஒரு பூக்கும் தாவர இனத்தைக் கண்டார். 2011-இல் அதே உச்சியில் 16 இனங்கள் இருந்தன. 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, ஐரோப்பாவின் 302 சிகரங்களில் எடுக்கப்பட்ட பழைய, புதிய கணக்குகளை ஒப்பிட்டது. 87 விழுக்காடு சிகரங்களில் இனங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் சேர்ந்த புதிய இனங்கள், 1957 முதல் 1966 வரையிலான பத்தாண்டில் சேர்ந்தவற்றைப்போல 5 மடங்கு.

எண்ணிக்கை கூடுவது நல்லதுதானே என்று தோன்றலாம். புதிதாக வருபவற்றுள் பல, வெப்பத்தை விரும்பி விரைந்து உயர்ந்து வளரும் செடிகள். 'குளோரியா' என்ற பன்னாட்டு மலைத்தாவரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் 60 ஐரோப்பியச் சிகரங்களில் 2001-லும் 2008-லும் எடுக்கப்பட்ட கணக்குகள் 2012-இல் வெளியாயின. வெப்பம் விரும்பும் இனங்கள் கூடுவதையும் குளிருக்குரியவை குறைவதையும் அவை காட்டின.

ஆல்பைன் ஆஸ்டர் போன்ற பல்லாண்டுச் செடிகள் ஒரே கோடையில் அழிந்துவிடுவதில்லை. மட்டநிலத்தண்டின் வலிமையால் சில காலம் தாக்குப்பிடிக்கும். பூப்பது முதலில் குறையும், பிறகு நாற்றுகள் தோன்றாமல் போகும், இறுதியில் முதிய செடிகள் ஒவ்வொன்றாக மறையும். ஆதலால் இன்று ஒரு சரிவில் பூ தெரிவதாலேயே அங்கு எல்லாம் நலம் என்று கொள்ள முடியாது. மேலே செல்லவும் எல்லை உண்டு. மலை கூம்பு வடிவமுடையதால் உயரே போகப் போக நிலப்பரப்பு சுருங்கும். உச்சியை அடைந்தபின் செல்ல இடமில்லை.

பாதுகாப்பு

பரவல் மிகப் பெரிது என்பதால் இனம் முழுவதும் உடனே அழியும் நிலையில் இல்லை. ஆனால் போடே பள்ளத்தாக்கு, கொலராடோ போன்ற விளிம்புப் பகுதிகளில் வாழும் சிறிய கூட்டங்கள் ஒருமுறை அழிந்தால் அருகிலிருந்து விதை வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பகுதியில் 1914-இல் அமைக்கப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவில் எந்தச் செடியையும் பூவையும் பறிக்க அனுமதி இல்லை. மலைக்குச் செல்வோர் பூவைப் பறிக்காமலும், பாதையை விட்டு விலகிப் புல்வெளியை மிதிக்காமலும் இருப்பது எளிய உதவி. உயர்மலையில் மண் உருவாவது மிக மெதுவானது. மிதிபட்டுத் தேய்ந்த இடத்தில் புல்வெளி மீண்டும் மூட நெடுங்காலம் ஆகும். மலையுழவர்கள் சத்துக்குறைந்த சரிவுகளுக்கு எருவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை பூத்து முடிந்தபின் அறுப்பதற்குச் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகள் உதவித்தொகை வழங்குகின்றன. ஆல்பைன் ஆஸ்டரைக் காப்பது என்பது அதன்மேல் வெயில் விழும்படி அந்தப் புல்வெளியைத் திறந்தே வைத்திருப்பதாகும்.